டிஜே நைட்டுக்கு நண்பர்களோட கிளம்புறீங்களா? டிக்கெட் முதல் வீடு திரும்பும் வரை தெரிஞ்சுக்க வேண்டியவை

வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போஸ்டர் வந்து விழும். "யாரெல்லாம் வர்றீங்க?" என்று ஒருத்தர் கேட்பார். பத்து நிமிஷத்தில் ஐந்து பேர் ரெடி. எலெக்ட்ரானிக் இசை நிகழ்ச்சிக்கான பிளான் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

தூத்துக்குடிப் பக்கம் இருப்பவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு விஷயம் இருக்கிறது. உலக அளவில் பெயர் பெற்ற டிஜேக்கள் வருவதெல்லாம் சென்னை, பெங்களூரு, கொச்சி மாதிரியான நகரங்களுக்குத்தான். அதனால் ஒரு ராத்திரி பாட்டுக்கு இரண்டு நாள் பயணம். தெரியாத ஊர், தெரியாத கூட்டம், காதைப் பிளக்கும் சத்தம்.

ஜாலியாகப் போய் ஜாலியாகத் திரும்ப என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எலெக்ட்ரானிக் இசை என்றால் என்ன?

சின்தசைசர், டிரம் மெஷின், கம்ப்யூட்டர் போன்ற மின்னணுக் கருவிகளையே முதன்மையாக வைத்து உருவாக்கும் இசை இது. ஆடுவதற்காகவே செய்யப்படும் வகையை இ.டி.எம். என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள்.

இதிலும் பல பிரிவுகள் உண்டு. வேகத்தை வைத்து ஓரளவு பிரித்துச் சொல்லிவிடலாம். ஒரு நிமிடத்துக்கு எத்தனை தாள அடி விழுகிறது என்பதுதான் கணக்கு.

- ஹவுஸ்: சுமார் 120 முதல் 130 வரை. அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் 1980-களில் வளர்ந்தது.
- டெக்னோ: பெரும்பாலும் 125-க்கு மேல். டெட்ராய்ட் நகரத்தில் பிறந்தது.
- சைக்கடெலிக் டிரான்ஸ்: சுமார் 140 முதல் 150 வரை. கோவா கடற்கரைகளோடு நெருங்கிய தொடர்பு உள்ளது.
- டிரம் அண்ட் பாஸ்: 160-க்கு மேல். இங்கிலாந்தில் வளர்ந்தது.

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம், நமக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைக்க வேண்டாம். மும்பை சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங், 1982-லேயே ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி கருவிகளில் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு ஆல்பம் வெளியிட்டார். அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2010-ல் மறுபடியும் வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. சிகாகோவில் 'ஆசிட் ஹவுஸ்' என்ற வகை உருவாவதற்குச் சில வருஷம் முன்பே அதே சாயலில் ஒரு இந்தியர் வாசித்திருக்கிறாரே என்று ஆச்சரியப்பட்டார்கள்.

இந்தியாவில் இந்த இசைக்கென்றே பெரிய திருவிழா என்றால் சன்பர்ன். 2007-ல் கோவாவில் தொடங்கியது.

மேடையில் டிஜே உண்மையில் என்னதான் செய்கிறார்?

"பட்டனை அமுக்கிட்டு கையைத் தூக்குறாரு, அவ்வளவுதானே?" இது வழக்கமான கேள்வி. அவ்வளவு சுலபம் இல்லை.

டிஜே முன்னால் பொதுவாக இரண்டு முதல் நான்கு பிளேயர்களும், நடுவில் ஒரு மிக்ஸரும் இருக்கும். ஒரு பாட்டு ஓடும்போதே அடுத்த பாட்டை ஹெட்போனில் மட்டும் கேட்பார். இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்குவார். பழைய பாட்டின் அடித்தாளத்தைக் குறைத்துக்கொண்டே புதிய பாட்டின் அடித்தாளத்தை ஏற்றுவார். ஆடுகிற கால் நிற்காமலே பாட்டு மாறிவிடும். கூட்டம் சோர்ந்து போகிறதா, துள்ளுகிறதா என்று பார்த்து அடுத்த பாட்டைத் தேர்வு செய்வதுதான் அவருடைய உண்மையான வேலை.

'பில்ட் அப்', 'டிராப்' என்ற இரண்டு வார்த்தைகள் அடிக்கடி காதில் விழும். சத்தம் படிப்படியாக ஏறி, தாளம் நெருக்கமாகி, ஒரு நொடி எல்லாம் அடங்கி, பிறகு மொத்தத் தாளமும் ஒன்றாக இறங்கும். ஏறுவது பில்ட் அப், இறங்குவது டிராப். தசராவில் மேளக்காரர்கள் உருட்டி உருட்டி வேகம் கூட்டி, ஒரு இடத்தில் நிறுத்தி மறுபடி அடிக்கும்போது கூட்டம் ஆர்ப்பரிக்கிறதே, கிட்டத்தட்ட அதே விஷயம்தான்.

சில கலைஞர்கள் ரெடிமேட் பாட்டுகளைக் கலக்காமல், மேடையிலேயே கருவிகளை இசைத்து உருவாக்குவார்கள். இதை 'லைவ் செட்' என்பார்கள். போஸ்டரில் டிஜே செட்டா, லைவ் செட்டா என்று பார்த்துவிட்டு டிக்கெட் எடுப்பது நல்லது.

டிக்கெட் எடுக்கும்போது எதைக் கவனிக்கணும்?

2023 செப்டம்பர் 10-ஆம் தேதி சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் பனையூரில் நடந்த ஏ.ஆர்.ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சி பலருக்கும் ஞாபகம் இருக்கும். முதலில் ஆகஸ்ட் 12-ல் நடக்க வேண்டியது, மழையால் தள்ளிப்போனது. அடுத்த தேதியில் கூட்டம் அலைமோத, டிக்கெட் வைத்திருந்த பலரால் உள்ளேயே போக முடியவில்லை. நெரிசலில் தங்களிடம் அத்துமீறல் நடந்ததாகப் பெண்கள் சிலர் புகார் சொன்னார்கள். சாலையில் கடும் போக்குவரத்து நெரிசல். உள்ளே போக முடியாதவர்கள் டிக்கெட் நகலை அனுப்பும்படி ரஹ்மானே கேட்டுக்கொண்டார். ஏற்பாட்டாளர்களும் மன்னிப்புக் கேட்டார்கள்.

அது எலெக்ட்ரானிக் இசை நிகழ்ச்சி இல்லை. ஆனால் பாடம் எல்லாக் கச்சேரிக்கும் ஒன்றுதான். காசு கொடுத்து டிக்கெட் வாங்கிவிட்டால் மட்டும் உள்ளே இடம் உறுதியாகிவிடாது. எனவே,

- அதிகாரப்பூர்வத் தளத்தில் மட்டும் எடுங்க. இன்ஸ்டாகிராமில் "கைவசம் இரண்டு டிக்கெட் இருக்கு" என்று சொல்கிறவரை நம்பி ஜிபே பண்ணாதீங்க. ஒரே கியூ.ஆர். கோடை பத்து பேருக்கு விற்க முடியும். முதலில் ஸ்கேன் பண்ணியவர் மட்டும்தான் உள்ளே போவார்.
- தள்ளிப்போனால், ரத்தானால் பணம் திரும்புமா என்ற விதியைப் படிங்க. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டில் திறந்தவெளி நிகழ்ச்சி என்றால் மழையை மனசில் வைக்கணும்.
- வயது வரம்பு என்ன, ஒருமுறை வெளியே வந்தால் மறுபடி உள்ளே விடுவார்களா, பையைக் கொண்டு போகலாமா என்பதையும் பார்த்துக்கோங்க.
- ஏமாந்துவிட்டால் ஸ்க்ரீன்ஷாட்டுகளை அழிக்காதீங்க. சேவைக் குறைபாடு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆன்லைன் பண மோசடி என்றால் 1930-க்கு உடனே கூப்பிடணும். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ, பணத்தை முடக்கி நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

காதுக்கு என்ன ஆகும்?

டிக்கெட் காசு போனால் திரும்பச் சம்பாதிக்கலாம். காது அப்படி இல்லை.

இந்தக் கடற்கரைக்கு காது வலி புதிய விஷயமும் இல்லை. முத்துக்குளிப்பில் ஆழத்துக்குப் போனவர்களையும், இன்றும் சங்கு எடுக்க மூழ்குகிறவர்களையும் முதலில் தாக்குவது காதுதான். பத்து மீட்டர் இறங்கினாலே தண்ணீரின் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்காகிவிடும். அதில் பாதிக்கப்படுவது செவிப்பறை. வலிக்கும், சில நேரம் ரத்தம் வரும். அதனால் ஆபத்து உடனே தெரிந்துவிடும். செவிப்பறையில் விழுந்த ஓட்டை பல நேரங்களில் தானாகவே ஆறியும் விடும்.

ஸ்பீக்கர் சத்தம் தாக்குவது வேறு இடத்தை. உள்காதில் நத்தைக்கூடு மாதிரி சுருண்ட ஒரு பகுதி இருக்கிறது. அதற்குள் ஒவ்வொரு காதுக்கும் சுமார் 15,000 நுண்ணிய முடிச்செல்கள் உண்டு. சத்தத்தை மூளைக்கான சிக்னலாக மாற்றுவது இவைதான். தொடர்ந்து பெருஞ்சத்தம் கேட்டால் இவை துவண்டு, கடைசியில் செத்துப்போகும். பறவைகளுக்கு இவை மறுபடி முளைக்கும். மனிதனுக்கு முளைக்காது. இங்கே வலியும் தெரியாது, ரத்தமும் வராது.

கச்சேரி முடிந்து வெளியே வரும்போது காதில் பஞ்சு வைத்த மாதிரி மந்தமாக இருக்கும். 'கொய்ங்' என்று ஒரு ரீங்காரம் ஓடிக்கொண்டே இருக்கும். பல பேர் இதை "செம சவுண்டு மச்சான்" என்று பெருமையாகச் சொல்வார்கள். உண்மையில் அது முடிச்செல்கள் அளவுக்கு மீறி அடிவாங்கியதற்கான அறிகுறி. மறுநாள் சரியாகிவிடலாம். ஆனால் திரும்பத் திரும்ப நடந்தால், நிரந்தரமாகத் தங்கிவிடவும் வாய்ப்பு உண்டு.

எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம்?

சத்தத்தை அளப்பது டெசிபல் கணக்கில். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 3 டெசிபல் கூடினால் சத்தத்தின் ஆற்றல் இரண்டு மடங்கு. 10 டெசிபல் கூடினால் பத்து மடங்கு. 90-க்கும் 100-க்கும் கொஞ்சம்தானே வித்தியாசம் என்று நினைத்தால் தப்பு.

தொழிலாளர்களுக்காக அமெரிக்காவின் நியாஷ் அமைப்பு பரிந்துரைக்கும் ஒரு நாள் அளவு இது:

- 85 டெசிபல்: 8 மணி நேரம்
- 88 டெசிபல்: 4 மணி நேரம்
- 91 டெசிபல்: 2 மணி நேரம்
- 94 டெசிபல்: 1 மணி நேரம்
- 97 டெசிபல்: 30 நிமிடம்
- 100 டெசிபல்: 15 நிமிடம்

இது வருஷக்கணக்கில் தினமும் வேலை செய்கிறவர்களுக்கான கணக்கு. எப்போதாவது கச்சேரிக்குப் போகிறவர்களுக்காக உலக சுகாதார அமைப்பு 2022 மார்ச்சில் தனியாக ஒரு வரையறை வெளியிட்டது. அதன்படி இசை அரங்குகளில் சராசரிச் சத்தம் 100 டெசிபலைத் தாண்டக் கூடாது. சத்தத்தை நேரடியாக அளந்துகொண்டே இருக்கணும், காது அடைப்பான் கிடைக்கணும், அமைதியாக உட்கார ஒரு இடம் ஒதுக்கணும், ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கணும் என்றும் அது சொல்கிறது. காதைப் பாதுகாக்காமல் கேட்கும் பழக்கத்தால் உலகம் முழுக்க 12 முதல் 35 வயதுக்குள் 100 கோடிக்கும் மேற்பட்டோர் கேட்கும் திறனை இழக்கும் ஆபத்தில் இருக்கிறார்கள் என்பது அந்த அமைப்பின் கணிப்பு.

ஆனால் இது பரிந்துரை மட்டும்தான், சட்டம் இல்லை. நம் நாட்டில் இருக்கும் ஒலி மாசு விதிகள் வேறு விஷயத்தைப் பேசுகின்றன. அதைக் கீழே பார்ப்போம்.

காதைக் காப்பாற்ற என்ன செய்யலாம்?

- காது அடைப்பான் வாங்குங்க. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஸ்பாஞ்ச் வகையே போதும். விலையும் குறைவுதான். இசையின் தெளிவு குறையாமல் சத்தத்தை மட்டும் குறைக்கும் வகைகள் ஆன்லைனில் கிடைக்கின்றன. சாதாரணப் பஞ்சு போதாது.
- போடுவதற்கும் முறை இருக்கு. ஸ்பாஞ்சை விரலால் மெல்லிசாக உருட்டணும். மற்ற கையால் காது மடலை மேலேயும் பின்னேயும் இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும் வரை அரை நிமிஷம் பிடிச்சுக்கணும்.
- ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் நிற்காதீங்க. திறந்தவெளியில் சாதாரண ஸ்பீக்கர் என்றால், தூரம் இரண்டு மடங்கானால் சுமார் 6 டெசிபல் குறையும். பெரிய மேடைகளில் வரிசையாகத் தொங்கவிடும் ஸ்பீக்கர்களில் இந்தக் குறைவு இன்னும் மெதுவாகத்தான் நடக்கும். அதனால் அங்கே இன்னும் தள்ளி நிற்கணும். சவுண்ட் இன்ஜினியர் உட்காரும் கூடாரத்துக்குப் பக்கத்தில் இசை தெளிவாகவும் கேட்கும்.
- ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை சாப்பாட்டுக் கடை பக்கம் வந்து பத்து நிமிஷம் காதுக்கு ஓய்வு கொடுங்க.
- ரீங்காரமோ மந்தமோ மறுநாளும் போகவில்லை என்றால், அல்லது ஒரு காது திடீரென்று கேட்கவில்லை என்றால், "தானாச் சரியாயிடும்" என்று காத்திருக்க வேண்டாம். காது மூக்கு தொண்டை மருத்துவரை உடனே பாருங்க. திடீர்க் கேள்விக் குறைபாட்டில் சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

இன்னொரு விஷயம். மேடையில் பளிச் பளிச் என்று வெட்டும் விளக்குகள் வலிப்பு நோய் உள்ள சிலருக்கு வலிப்பைத் தூண்டலாம். குழுவில் யாருக்காவது அப்படி இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கோங்க. விளக்கு தொந்தரவு செய்தால் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுசாக மூடிக்கொண்டு அங்கிருந்து நகரணும்.

கூட்டம் எப்போது ஆபத்தாகும்?

ஜெர்மனியின் 'லவ் பரேட்' உலகின் மிகப் பெரிய எலெக்ட்ரானிக் இசைத் திருவிழாக்களில் ஒன்று. 1989-ல் பெர்லினில் தொடங்கியது. 2010 ஜூலை 24-ல் டூயிஸ்பர்க் நகரத்தில் நடந்தபோது, உள்ளே வருகிறவர்களும் வெளியே போகிறவர்களும் ஒரே சுரங்கப்பாதையையும் சரிவுப் பாதையையும் பயன்படுத்த வேண்டி வந்தது. நெரிசலில் 21 பேர் இறந்தார்கள். அதோடு அந்தத் திருவிழாவே நிரந்தரமாக நின்றுபோனது.

நமக்குப் பக்கத்தில், 2023 நவம்பர் 25-ல் கொச்சி களமசேரியில் உள்ள கொச்சின் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்தில் இசை நிகழ்ச்சி தொடங்க இருந்தது. திறந்தவெளி அரங்கத்துக்கு வெளியே நின்றவர்கள் மழை வந்ததும் ஒரே நேரத்தில் வாசலுக்குள் ஓட, உள்ளே கீழ் நோக்கி இறங்கும் படிகளில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். 4 பேர் உயிரிழந்தனர். பலர் காயமடைந்தனர்.

இரண்டிலும் பொதுவானது என்ன? குறுகலான வழி. இரண்டு சம்பவங்களிலும் மேடைக்கு முன்னால் எந்தப் பிரச்சினையும் இல்லை. ஆபத்து இருந்தது வாசலிலும் பாதையிலும்.

இம்மாதிரி நெரிசல்களில் உயிர் போவதற்கு முக்கியக் காரணம் மிதிபடுவது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது மூச்சுத்திணறல்தான். நெஞ்சு விரிய இடம் இல்லாமல் நின்ற நிலையிலேயே மயங்கிவிடுவார்கள். ஒரு சதுர மீட்டருக்குள் ஐந்து பேருக்கு மேல் நிற்கத் தொடங்கினால் ஆபத்து எல்லைக்குள் வந்துவிட்டோம் என்று கூட்ட மேலாண்மை நிபுணர்கள் சொல்கிறார்கள்.

பெருங்கூட்டம் நம்ம மாவட்டத்துக்குப் பழக்கமில்லாத ஒன்றா? ஆகஸ்ட் 5-ல் பனிமய மாதா பேராலயத் திருவிழா, திருச்செந்தூர் சூரசம்ஹாரம், குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசரா என எத்தனையோ பார்த்திருக்கிறோம். குலசையில் வேடம் போட்ட பக்தர்கள் குழுகுழுவாக மேளத்தோடு வருவார்கள். பத்தாம் நாள் ராத்திரி கடற்கரையில் சூரசம்ஹாரம். அங்கே குழுவாகப் போகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. "தவறிப் போனா இந்த இடத்துக்கு வந்திரு" என்று பெரியவர்கள் முதலிலேயே ஒரு அடையாளம் சொல்லிவிடுவார்கள். டிஜே நைட்டுக்கும் இதே பழக்கம்தான் கைகொடுக்கும். கூட்டத்தில் பல நேரம் நெட்வொர்க் கிடைக்காது. போனை நம்பி இருக்க முடியாது.

கூட்டத்தில் செய்ய வேண்டியவை:

- உள்ளே போனதும் முதல் வேலை, வெளியேறும் வழிகளை எண்ணுவது. நீங்கள் வந்த வாசல் தவிர இன்னொன்றாவது தெரிஞ்சிருக்கணும்.
- கையை உயர்த்த முடியாத அளவுக்கு நெருக்கமானால், பாட்டு எவ்வளவு நல்லா இருந்தாலும் பக்கவாட்டில் நகர ஆரம்பிச்சிருங்க.
- மாட்டிக்கொண்டால், கைகளை நெஞ்சுக்கு முன்னால் குத்துச்சண்டை வீரர் மாதிரி மடக்கி வைங்க. மூச்சுக்கு அந்த இடைவெளி தேவை.
- தள்ளும் கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாதீங்க. அலை வந்து தணியும் இடைவெளியில் குறுக்காக நகருங்க.
- செருப்போ போனோ கீழே விழுந்தால் குனியாதீங்க.
- மழை வந்தால் ஓடாதீங்க. நனைந்தால் காய்ந்துவிடும்.

கொச்சியில் நடந்த செல்போன் திருட்டு

2024 அக்டோபர் 6-ல் நார்வே டிஜே ஆலன் வாக்கரின் நிகழ்ச்சி கொச்சி போல்காட்டியில் நடந்தது. கூட்டம் ஆடிக்கொண்டிருந்த நேரத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட செல்போன்கள் திருடுபோயின. அவற்றில் பல விலை உயர்ந்த ஐபோன்கள். போலீஸ் விசாரணையில் டெல்லி, மும்பையைச் சேர்ந்த கும்பல்கள் இதற்காகவே வந்து, கூட்டத்தில் கலந்து கைவரிசை காட்டியது தெரியவந்தது. கொச்சி போலீஸ் தனிப்படை அமைத்து டெல்லி, மும்பைக்கே போய்ச் சந்தேக நபர்களைப் பிடித்தது. சில போன்களும் மீட்கப்பட்டன.

போன் போனால் டிக்கெட், ரயில் டிக்கெட், பணம், நண்பர்களின் நம்பர் எல்லாமே போய்விடும். அதனால்,

- பின் பாக்கெட் வேண்டாம். ஜிப் வைத்த முன் பாக்கெட் அல்லது நெஞ்சோடு ஒட்டிய சின்னப் பை நல்லது.
- கிளம்பும் முன்பே \*#06# அழுத்தி ஐ.எம்.இ.ஐ. நம்பரை வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வைங்க.
- தொலைந்தால் முதலில் சிம்மை முடக்குங்க. போலீஸில் புகார் கொடுத்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனையும் முடக்கலாம்.
- இரண்டு பேருடைய நம்பராவது மனப்பாடமாகத் தெரிஞ்சிருக்கணும். கொஞ்சம் ரொக்கம் தனியாக வைங்க.

தண்ணீர், மது, மாத்திரை

மூன்று மணி நேரம் ஆடுவது கடுமையான உடற்பயிற்சிதான். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை கொட்டும். வெறும் வயிற்றோடு போகாதீங்க. ஒரேயடியாக லிட்டர் கணக்கில் குடிக்காமல், இடையிடையே தண்ணீர் குடிங்க.

தமிழ்நாட்டில் மது குடிக்கச் சட்டப்படியான வயது 21. 2022 மே மாதம் சென்னை அண்ணா நகரில் வெளிநாட்டு டிஜே ஒருவர் கலந்துகொண்ட நிகழ்ச்சியில் 23 வயது இளைஞர் ஒருவர் மயங்கி விழுந்து இறந்தார். அனுமதி இல்லாமல் மது பரிமாறியதாக ஏற்பாட்டாளர்கள் மீது போலீஸ் வழக்குப் பதிவு செய்தது.

யாரோ தரும் மாத்திரை, பவுடர் எதையும் தொடாதீங்க. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி விற்பது மட்டும் இல்லை, பயன்படுத்துவதும் குற்றம். சில மாத்திரைகள் உடல் வெப்பத்தை அளவுக்கு மீறி ஏற்றிவிடும். ஆடிக்கொண்டே இருந்தால் அதுவே உயிரைக் குடிக்கும்.

நண்பர் ஒருவர் மயங்கிவிட்டால் கூட்டத்தில் இருந்து நகர்த்தி, ஒருக்களித்துப் படுக்க வைங்க. மல்லாக்கப் படுத்தால் வாந்தி மூச்சுக்குழாயை அடைக்கலாம். உடனே 108-க்குக் கூப்பிடுங்க. அவர் எதைச் சாப்பிட்டார் என்பதை டாக்டரிடம் மறைக்காதீங்க. திட்டு விழும் என்ற பயத்தில் மறைத்தால் சிகிச்சை தாமதமாகும்.

யாராவது தொந்தரவு செய்தால் 112. பெண்களுக்கான உதவி எண் 181.

இரவு 10 மணிக்கு ஏன் நிறுத்துகிறார்கள்?

"இப்பதான் சூடு பிடிச்சது, அதுக்குள்ள நிறுத்திட்டாங்க" என்ற புலம்பல் எல்லாக் கச்சேரியிலும் உண்டு. காரணம் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்வு தரலாம். 2005-ல் உச்ச நீதிமன்றமும் இந்தக் கட்டுப்பாட்டை உறுதி செய்தது.

குடியிருப்புப் பகுதிக்கான சத்த அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. ஒலிபெருக்கி வைக்கும் இடத்தின் எல்லைக்கோட்டில், அந்தப் பகுதியின் அளவைவிட 10 டெசிபலுக்கு மேலோ, 75 டெசிபலுக்கு மேலோ போகக் கூடாது. இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். இந்த அளவு எடுக்கப்படுவது எல்லைக்கோட்டில். அதாவது, சட்டம் யோசிப்பது பக்கத்து வீட்டுக் குழந்தையையும் நோயாளியையும்தான். உள்ளே ஸ்பீக்கர் முன்னால் நிற்கும் உங்கள் காதுக்கு இந்த விதியில் பாதுகாப்பு இல்லை. அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியது நீங்கள்தான்.

ஊரில் கல்லூரி விழா, கல்யாண வீடு, கொடை விழாவில் பாக்ஸ் கட்டி டிஜே வைக்கிறவர்களுக்கும் இதே விதிகள்தான். போலீஸ் அனுமதி கட்டாயம். ஸ்பீக்கரைச் சின்னப் பிள்ளைகள் உட்காரும் பக்கம் திருப்பாமல் வைப்பது, ஒருவழியாவது எப்போதும் அடைக்காமல் திறந்து வைப்பது, ஜெனரேட்டர் வயர்களை நடைபாதையில் ஓடவிடாமல் பார்ப்பது ஆகியவை காசு செலவில்லாத விஷயங்கள்.

தூத்துக்குடிக்குத் திரும்புவது எப்படி?

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். சென்னை எழும்பூரில் இருந்து தூத்துக்குடி வரும் முத்துநகர் எக்ஸ்பிரஸ், பெங்களூரு வழியாக வரும் மைசூரு - தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், எர்ணாகுளம் டவுன் வழியாக வரும் பாலருவி எக்ஸ்பிரஸ் என மூன்றுமே இரவு ரயில்கள். வசதிதான். ஆனால் மூன்றும் கச்சேரி முடியும் நேரத்துக்கு முன்பே அந்தந்த ஊரை விட்டுக் கிளம்பிவிடும். நிகழ்ச்சியை முழுசாகப் பார்க்கணும் என்றால் அன்றைக்கு ராத்திரி தங்கத்தான் வேண்டும், அல்லது பஸ்ஸைப் பார்க்கணும்.

- தங்கும் இடத்தை டிக்கெட் எடுக்கும் அன்றே புக் பண்ணுங்க. நிகழ்ச்சி நாளில் வாடகை ஏறிவிடும்.
- கடைசிப் பாட்டு முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கேப் தேடுவார்கள். பத்து நிமிஷம் முன்னாலேயே கிளம்புவது நல்லது. முடியாவிட்டால் கூட்டம் கலையும் வரை அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்க.
- காரில் போகிறீர்கள் என்றால் ஓட்டுபவர் குடிக்கக் கூடாது. ராத்திரி முழுக்க ஆடியவர் விடியற்காலை நாற்கரச் சாலையில் ஓட்டுவதும் அதே அளவு ஆபத்து. தூங்கி எழுந்து ஓட்டுங்க.
- வீட்டில் ஒருவருக்காவது எந்த ஊர், எந்த இடம், யார் யாருடன் என்று சொல்லிவிட்டுப் போங்க.

கிளம்பும் முன் ஒரு நிமிட செக்லிஸ்ட்

1. அதிகாரப்பூர்வ டிக்கெட், அடையாள அட்டை
2. காது அடைப்பான், ஆளுக்கு ஒரு ஜோடி
3. முன் பாக்கெட்டில் போன், முழு சார்ஜ், கொஞ்சம் ரொக்கம்
4. கட்டின ஷூ. செருப்பு வேண்டாம்
5. தவறினால் சந்திக்கும் இடம்
6. இரண்டு வெளியேறும் வழிகள்
7. தங்கும் இடம் அல்லது திரும்பும் வண்டி
8. அவசர எண்கள்: 108, 112, 181

குரூப்பில் டிக்கெட் போட்டாச்சு என்றால், இந்தப் பட்டியலையும் அதே குரூப்பில் போட்டு விடுங்க.